தாலாட்டுக்குள் ஒரு கொசு

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் லைன் சோதிக்கும் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதமே அவளுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நாற்பது பெண்கள் ஒரே கூடத்தில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்த இடம் அது. பக்கத்து நாற்காலிக்காரி தும்மினால்கூடக் காதில் விழாது. அந்தச் சந்தடிக்கு நடுவே ஒரு லைனைக் கேட்டுவிட்டு, "ரெண்டாவது கம்பத்துக்கிட்ட இருக்கிற இணைப்புல தண்ணி இறங்கியிருக்கு" என்றாள். லைன்மேன் சிரித்துக்கொண்டே போனார். சிரிக்காமல் திரும்பி வந்தார். "உனக்கு ஊசிக்காதும்மா" என்றார். அன்றிலிருந்து அவள் ஊசிக்காது. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் தங்கிவிட்டது.

அங்கிருந்து வானொலி நிலையத்துக்குப் போனாள். பழைய நாடாக்களைப் புது நாடாவுக்கு மாற்றும் வேலை. மற்றவர்கள் நாடாவை ஓடவிட்டு வெளியே போய்க் காப்பி குடித்துவிட்டு வருவார்கள். இவள் உட்கார்ந்து முழுதாகக் கேட்பாள். ஒரே பாட்டு ஒரு நாடாவில் உயிரோடும் இன்னொன்றில் ஜுரம் வந்ததுபோலவும் இருப்பதைக் கண்டாள். இரண்டுக்கும் பாடியவர் ஒருவரே, வாசித்தவர்களும் அவர்களேதான். ஒன்றில் மட்டும், கடைசியில் வெளியே அனுப்பும் முன்பு யாரோ ஒருவர் உட்கார்ந்து, கனமான அடி ஒலியை இவ்வளவு, கீச்சென்ற உச்சி ஒலியை இவ்வளவு, சத்தத்தை இவ்வளவு என்று சரிபார்த்திருந்தார், இன்னொன்றில் பார்க்கவில்லை. அந்த வேலைக்கு மாஸ்டரிங் என்று பெயர் என்று பிற்பாடு தெரிந்துகொண்டாள். யாராவது கேட்டால், "சட்டையைத் தைக்கிறது வேற ஆளு. நான் இஸ்திரிக்காரி" என்பாள்.

முப்பத்தொரு வயதில் வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஸ்டூடியோ வைக்கப் போகிறேன் என்றபோது வீட்டில் யாரும் குதிக்கவில்லை. குதிக்கக்கூடியவர் மாமனார் ஒருவர்தான். அவருக்கு முழங்கால் போய்விட்டிருந்தது. ரொட்டிக்கடை நடத்திக்கொண்டிருந்தவர்; நிற்க முடியாமல் கடையை மூடினார். மூத்த மகன், அதாவது இவள் கணவர், பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தினார். இளையவன் தச்சன். மாவில் கை வைக்க இருவருக்கும் விருப்பமில்லை. பூட்டிக் கிடந்த அந்தக் கடையைத்தான் மருமகள் கேட்டாள்.

"அந்த அடுப்பு ரூமுக்குச் சுவர் ரெண்டு செங்கல் கனம் மாமா. உள்ள நின்னா தெரு காணாமப் போயிடுது" என்றாள்.

"சூடு வெளிய போகக் கூடாதுன்னு கட்டினேன். சத்தம் உள்ள வரக் கூடாதுன்னு நீ வச்சுக்கோ" என்றார் அவர். கேட்டது அவ்வளவுதான், கொடுத்தது அவ்வளவுதான்.

கொழுந்தன் பதினோரு மாதம் அந்த அறையோடு மல்லுக்கட்டினான். வளைவான கூரை சத்தத்தையெல்லாம் வாரி நடு அறையில் கொட்டியது. நடுவில் நின்று இருமினால் நாலு பேர் இருமினார்கள். அவன் மரச்சட்டங்களை ஒன்றுபோல் ஒன்று இல்லாமல் அறுத்து, இடையில் கம்பளித் துண்டுகளைத் திணித்து, மூலைக்கு மூலை நின்று கை தட்டிப் பார்த்தான். இவள் தலையாட்டுவாள், அவன் பிரித்துவிடுவான். மறுபடி மாட்டுவான். மாமனார் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இருவரையும் மேற்பார்வை பார்த்தார். "ரொட்டியே வெந்திருக்கும்" என்று தினமும் ஒரு தடவை சொல்வார்.

கடைசியில் அடுப்பு அறை மாஸ்டரிங் அறையானது. மாவு மூட்டைகள் இருந்த உள்ளறை பாடுகிறவர்கள் நிற்கும் அறையானது. ஆரம்ப நாட்களில் கருவிகள் சூடேறினால் செங்கலிலிருந்து லேசாக ரொட்டி வாசனை கிளம்பும். பாட வந்தவர்களுக்குப் பசியெடுத்துவிடும். பக்கத்துத் தெருவிலிருந்து பன் வாங்கி வைப்பது ஸ்டூடியோ வழக்கமானது அப்படித்தான்.

அடுத்த இருபத்து மூன்று வருடங்களில் அவளுக்கு வேலையில் பிடிக்காத நாள் என்று ஒன்றைத் தேடினால்தான் கிடைக்கும். நல்ல பெயர் வந்தது. வெளியூர்களிலிருந்தும் அனுப்பினார்கள். ஒரு பாட்டை முதல்முறை கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்வாள். அந்த மூன்று நிமிடம் யாரும் மூச்சு விடக்கூடாது. சத்தத்தை வரைந்து காட்டும் திரை ஒன்றைக் கணவர் ஆசையாக வாங்கி மாட்டியிருந்தார். அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி வைத்திருந்தாள். "பாட்டைக் கண்ணாலயா கேப்பாங்க?" என்பாள். வந்தவர்கள் இதை வெளியே போய்ச் சொன்னார்கள். அதற்கும் ஒரு மதிப்பு சேர்ந்தது.

நர்ஸ் வந்தது அவளுடைய ஐம்பத்து நான்காவது வயதில்.

குழந்தைகள் மருத்துவமனையில் வேலை பார்க்கும் நர்ஸ். வார்டில் தூங்காமல் அழும் பிள்ளைகளுக்குப் பாடிப் பாடிக் குரல் நன்றாகப் பழகியிருந்தது. கூட வேலை செய்பவர்கள் தூண்டிவிட, பத்துத் தாலாட்டுகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வந்தாள். புல்லாங்குழல் ஒன்று, மெல்லிய தந்தி வாத்தியம் ஒன்று, அவள் குரல், வேறொன்றும் இல்லை. நாலே நாளில் பதிவு முடிந்தது. ஊசிக்காது அதை இஸ்திரி போட இன்னொரு வாரம் எடுத்துக்கொண்டாள். முடித்துக் கேட்டபோது தனக்கே கண் சொருகியதை வெட்கமில்லாமல் எல்லாரிடமும் சொன்னாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள் காலை நர்ஸ் திரும்ப வந்தாள். பன்னை எடுத்தாள், கடிக்கவில்லை.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியலக்கா. தாலாட்டைப் போட்டா பிள்ளைங்க அழுவுதுங்க."

"அழுவுதா?"

"நான் நேர்ல பாடினா தூங்குதுங்க. இதைப் போட்டா காதைப் பொத்திக்குதுங்க. ஒரு பொண்ணு கொசு பாடுதுன்னு சொல்லுது."

ஊசிக்காது சிரித்தாள். கொழுந்தனும் சிரித்தான். மூவரும் உள்ளே போய்ப் பத்துப் பாட்டையும் கேட்டார்கள். கொசுவும் இல்லை, ஈயும் இல்லை. தேன் மாதிரி இருந்தது.

"உனக்கு ஏதாவது கேக்குதாம்மா?"

"ஏதோ ஓரமா உறுத்துற மாதிரி இருக்குக்கா. பிரமையான்னும் தெரியல."

"உங்க வார்டு ஸ்பீக்கர்ல கோளாறு" என்றாள் ஊசிக்காது. தீர்மானமாகத்தான் சொன்னாள். அவள் தீர்மானமாகச் சொன்னதை அந்த வட்டாரத்தில் யாரும் மறுத்துப் பேசியதில்லை.

நர்ஸ் மறுக்கவில்லை. "அப்போ நீங்களே ஒரு தடவை வந்து பார்த்திடுங்களேன். எனக்கு மனசுக்கு நிம்மதியா இருக்கும்" என்றாள்.

மறுநாள் பிற்பகல், தன் சொந்த ஸ்பீக்கரைப் பையில் தூக்கிக்கொண்டு ஊசிக்காது வார்டுக்குப் போனாள். நீளமான அறை, இரண்டு பக்கமும் கட்டில்கள், ஜன்னல் கம்பிகளில் காயப்போட்ட குட்டித் துணிகள். ஸ்பீக்கரை மேசையில் வைத்து முதல் பாட்டைப் போட்டாள். எட்டு நொடி புல்லாங்குழல். பிள்ளைகள் சும்மா கிடந்தார்கள். நர்ஸின் குரல் ஆரம்பித்த கணமே மூன்றாவது கட்டிலில் ஒருவன் தலையணைக்குள் முகத்தைப் புதைத்தான். ஜன்னலோரம் ஒன்று சிணுங்கத் தொடங்கியது.

காலில் மாவுக்கட்டுப் போட்டுக் கிடந்த ஒரு சிறுமி, ஏழு வயதிருக்கும், "கொசு வந்திடுச்சு" என்றாள்.

ஊசிக்காது அவள் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். "கண்ணு, நமக்குள்ள ஒரு விளையாட்டு. கொசு கத்தும்போது விரலைத் தூக்கு. நிறுத்தினா இறக்கு. சரியா?"

"பரிசு உண்டா?"

"உண்டு."

பாட்டு மறுபடி ஆரம்பித்தது. குழல் மட்டும் வந்தபோது விரல் கீழே இருந்தது. குரல் நுழைந்தது, விரல் மேலே போனது. இரண்டாம் அடி முடிந்து குழல் தனியாக வந்தபோது கீழே வந்தது. குரல், மேலே. குழல், கீழே. ஒரு தடவைகூடப் பிசகவில்லை. நடுவில் ஒரு இடத்தில் நர்ஸின் குரல் வரும் முன்பே விரல் உயர்ந்தது. ஊசிக்காது அந்த இடத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். ஞாபகம் வந்தது. அங்கே பாடகியின் மைக்கை அரை நொடி முன்கூட்டியே திறந்திருந்தாள், மூச்சு இழுக்கும் ஓசை வேண்டும் என்று.

அவள் பாட்டை நிறுத்தினாள். கொசு மைக்கில் இருக்கிறது. பாட்டு முழுக்க இருக்கிறது. தனக்குத்தான் கேட்கவில்லை.

"பரிசு?" என்றாள் சிறுமி.

கையில் வேறொன்றும் இல்லை. கழுத்தில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஸ்டூடியோவுக்குத் திரும்பியதும் யாரிடமும் பேசாமல் திரையின் மேலிருந்த துண்டை எடுத்தாள். தூசு பறந்தது. தாலாட்டை ஓடவிட்டாள். கீழே மலைத்தொடர் மாதிரி குரலும் குழலும் அசைந்துகொண்டிருந்தன. மேலே, நொடிக்குப் பதினைந்தாயிரம் அதிர்வு என்று எழுதியிருந்த இடத்தில், மயிரிழைபோல ஒரு கோடு. ஆடவில்லை, அசையவில்லை. யாரோ அளவுகோல் வைத்துப் போட்ட மாதிரி இருந்தது.

அவளும் கொழுந்தனும் மாவு அறைக்குப் போய், மைக்கைத் திறந்து வைத்துவிட்டு, அங்கே கரண்டில் ஓடுவதையெல்லாம் ஒவ்வொன்றாக அணைத்தார்கள். பாட்டுவரிகளை வைக்கும் பலகைக்கு மேலே, பார்வைக்கு வசதியாக இருக்கட்டும் என்று ஒரு சின்ன விளக்கு மாட்டியிருந்தது. அதை அணைத்ததும் திரையில் கோடு மறைந்தது. போட்டதும் வந்தது.

கொழுந்தன் தலையில் கை வைத்துக்கொண்டான். "நான்தான் அண்ணி மாட்டினேன். பாவி, நானேதான்."

"நீ மாட்டினது தப்பில்ல தம்பி. இந்த ரூமுக்குள்ள எது வந்தாலும் கேக்க வேண்டியவ நான்."

"எனக்கும்தான் கேக்கல."

"நீ முப்பது வருஷம் ரம்பத்துக்குப் பக்கத்துல நின்னவன். உனக்கு நான் கூப்பிடறதே பாதி நாள் கேக்காது."

"அது கேக்கும் அண்ணி" என்றான் அவன். அந்த நிலையிலும் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கொசுவைக் கொல்வது பெரிய காரியமாக இருக்கவில்லை. அந்த ஒரு கோட்டை மட்டும் பாட்டுக்கு வலிக்காமல் எடுத்தாள். இணையத்தில் ஏறியிருந்ததை இறக்கச் சொல்லி, சுத்தமானதை ஏற்றச் செய்தாள். வார்டுக்கு எடுத்துப்போய்ப் போட்டுக்காட்டியபோது மாவுக்கட்டுச் சிறுமி விரலைத் தூக்கவேயில்லை. நாலாவது பாட்டுக்குத் தூங்கியும் போனாள். நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னபோது ஊசிக்காதுக்குத் தரையில் புதைந்துவிடலாம்போல இருந்தது. தன் தப்பைத் தானே திருத்தியதற்கு நன்றியா?

காது சோதிக்கும் இடத்துக்குத் தனியாகப் போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண் பட்டன்களை அமுக்கிக்கொண்டே போனாள். முடிவில் ஒரு தாளை நீட்டினாள். கோடு நேராகப் போய், பத்தாயிரத்தைத் தாண்டியதும் கிணற்றில் விழுந்ததுபோல் இறங்கியிருந்தது.

"ரொம்ப நல்ல காதும்மா. வயசாக ஆக உச்சிச் சத்தம்தான் முதல்ல போகும். உங்க வயசுக்கு அருமையா இருக்கு" என்றாள் அந்தப் பெண்.

முப்பது வருடத்தில் யாரும் அவளை அப்படித் திட்டியதில்லை.

அடுத்த நாலு நாட்கள் கடந்த இரண்டு வருட வேலைகளை எடுத்துத் திரையில் ஓடவிட்டாள். காதால் செய்ததைக் கண்ணால் சரிபார்த்தாள். மேலும் மூன்று பதிவுகளில் அந்த விளக்கின் கோடு இருந்தது. பழையவற்றில் கோடு இல்லாவிட்டாலும் வேறொன்று தெரிந்தது. ஆறேழு வருடமாக அவள் பாட்டுகளின் உச்சி வருடத்துக்கு வருடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பளபளப்பேறிக்கொண்டே வந்திருந்தது. தனக்கு மங்கலாகக் கேட்டதால் தன்னை அறியாமல் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறாள். கோடு இருந்த மூன்று பதிவுகளையும் திருத்தி, உரியவர்களுக்குக் கடிதத்தோடு அனுப்பினாள்.

ஐந்தாம் நாள் காலை கணவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் இருந்தவர்.

"நாலு நாளா இந்த வீட்ல என்னை யாரும் திட்டல. உனக்கு உடம்பு சரியில்லையா?"

அவள் சொன்னாள். தாளையும் காட்டினாள். அவர் பூகோள வாத்தியார் அல்லவா, வரைபடத்தைப் பார்ப்பதுபோல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"இந்தச் சரிவுக்கு அப்புறம் இருக்கிற இடத்துல நான் எப்பவுமே எதையும் கேட்டதில்ல. நல்லாத்தானே இருக்கேன்?"

"நீங்க மாஸ்டரிங் பண்ணலையேங்க."

"சரி, என்ன பண்ணப் போற?"

"ரூமை மூடிடலாம்னு பாக்கறேன். பதிவு வேலை நடக்கட்டும், தம்பி பாத்துப்பான். கடைசி வேலைக்கு வேற ஆள்கிட்ட அனுப்பிடலாம்."

"யார்கிட்ட?"

அவள் தாளை நாலாக மடித்தாள். பிறகு, "இடிகிட்ட" என்றாள்.

கணவர் கண்ணாடியைக் கழற்றினார். அந்தப் பெயரை அந்த வீட்டில் மரியாதையாக உச்சரித்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

இடி என்பவரும் ஒரு மாஸ்டரிங் இன்ஜினியர். வானொலி நிலையத்தில் அவளோடு வேலை பார்த்தவர்தான். டயர் கடைக்கு மாடியில் ஸ்டூடியோ வைத்திருந்தார். அவர் கை பட்டால் பாட்டு இடி இடிப்பதுபோல் வரும், அதனால் அந்தப் பெயர். ஒன்பது வருடத்துக்கு முன் தொழில்காரர்கள் கூட்டம் ஒன்றில், ஊசிக்காது செய்வதெல்லாம் பத்தியச் சாப்பாடு என்று அவர் மேடையிலேயே சொன்னார். இவள் எழுந்து, சந்தைக்கடைச் சண்டைக்குப் பாட்டு என்று பெயர் வைத்தவர் பேசக்கூடாது என்றாள். கூட்டம் கைதட்டியது. அதோடு பேச்சு அறுந்தது.

மாடிப்படியில் ரப்பர் வாசனை தூக்கலாக இருந்தது. இடிதான் கதவைத் திறந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"ஊசியா? வாங்க வாங்க. யாரு செத்தது?"

"யாரும் சாகல. உட்காரலாமா?"

உட்கார்ந்தாள். அறையில் ஒரு விஷயம் உறுத்தியது. அவருடைய நாற்காலிக்குக் கீழே தரையில் வட்டமாகத் தேய்ந்திருந்தது, யாரோ மாதக்கணக்கில் செக்கு ஆட்டியதுபோல. இரண்டு ஸ்பீக்கர்களையும் பார்த்து நேராக உட்கார்ந்து கேட்கிறவனுக்கு நாற்காலியைச் சுற்ற வேண்டிய வேலையே இல்லை. அவர் பேசும்போது முகத்தை வேறு இடதுபக்கமாகச் சாய்த்து, வலது காதை அவளுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

அவர் தண்ணீர் எடுக்க எழுந்து திரும்பினார். அவருடைய இடதுபக்கம் அவளிருந்த திசைக்கு வந்தபோது, சாதாரணமாகப் பேசும் குரலில், "உங்க பாட்டெல்லாம் இப்பவும் சந்தைக்கடைதான்" என்றாள்.

அவர் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார். பதில் இல்லை. இடிக்காரர் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கும் பேச்சா அது?

டம்ளரோடு திரும்பியவரிடம் மெதுவாகக் கேட்டாள். "இடது காது எவ்வளவு நாளா இல்ல?"

அவர் டம்ளரை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"ஆறு வருஷம். ஒரு ஜுரம் வந்துச்சு. போகும்போது எடுத்துட்டுப் போயிடுச்சு." குரல் இறங்கியிருந்தது. "என் சம்சாரத்துக்கு மட்டும் தெரியும். ஒரு தடவை இப்படி உட்கார்ந்து கேப்பேன். அப்புறம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அந்தப் பக்கத்தைக் கேப்பேன். மனசுக்குள்ள ரெண்டையும் ஒட்டிப்பேன்."

"அதான் உங்க பாட்டுல பாடறவங்க அரை அங்குலம் இடது பக்கம் தள்ளி நிக்கிறாங்களா?"

"தள்ளியா நிக்கிறாங்க?" அவர் நிஜமாகவே பதறினார்.

"நான் அதை உங்க ஸ்டைல்னு நினைச்சேன். ரெண்டு பேர் காப்பியே அடிச்சாங்க."

இடிக்காரர் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் தோள்கள் மட்டும் குலுங்கின. பிறகு அறையே அதிர்ந்தது. பெயருக்கு ஏற்ற சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, நீங்க வந்த விஷயம்?" என்றார்.

அவள் தாளை எடுத்து நீட்டினாள். தாலாட்டையும் கொசுவையும் சிறுமியின் விரலையும் சொன்னாள். வரும் வேலைகளையெல்லாம் அவரிடம் ஒப்படைக்கலாம் என்று வந்ததாகவும் சொன்னாள். சொல்லி முடித்தபோது நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியிருந்தது.

"ஒத்தைக் காதுக்காரன்கிட்டயா?" என்றார் அவர். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எனக்கு இருக்கிற ஒண்ணு பன்னிரண்டாயிரம் வரைக்கும் போகும். போன மாசம்தான் சோதிச்சேன். உங்களுக்குப் பத்து. ஆனா ரெண்டும் இருக்கு."

இருவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள், ஒரே நேரத்தில் மூடிக்கொண்டார்கள்.

"நீங்க சொல்லுங்க" என்றாள் அவள்.

"இல்ல, நீங்கதான் பெரியவங்க."

"நான் ரெண்டு வயசு சின்னவ."

"அப்ப நான் சொல்றேன். செவ்வாயும் வெள்ளியும் உங்க ரூமுக்கு வரேன். என் ரூம்ல டயர் நாத்தம், உங்க ரூம்ல பன்னு. என் வேலையை நீங்க கேளுங்க, உங்க வேலையை நான் கேக்கறேன். ரெண்டு பேருக்கும் எட்டாததுக்குத் திரை இருக்கு."

"ஊருக்குச் சொல்லணும். மறைச்சு வச்சுட்டு என்னால முடியாது."

அவர் தரையிலிருந்த வட்டத்தைப் பார்த்தார். "சொல்லிடலாம். சுத்திச் சுத்தி எனக்கும் தலை சுத்திப் போச்சு."

சொன்னார்கள். வேலை கொடுக்கும் ஒவ்வொருவரிடமும், எங்களுக்கு இதுவரைதான் கேட்கும், மீதியை இப்படிச் சரிபார்க்கிறோம் என்று நேராகவே சொன்னார்கள். இரண்டு பேர் மரியாதையாக நழுவிவிட்டார்கள். ஒருவர் அரை மணி நேரம் ஆறுதல் சொல்லிக் கழுத்தறுத்தார். தபலாக்காரர் ஒருவர் மட்டும், "பத்தாயிரத்துக்கு மேல என் வாசிப்புல ஒண்ணும் கிடையாதுக்கா, பயப்படாம பண்ணுங்க" என்றார். மற்றவர்கள் எப்போதும்போல் வந்தார்கள்.

முதல் மாதம் அடுப்பு அறையில் ரகளை. அவர் சத்தத்தைக் கூட்டுவார், இவள் குறைப்பாள். கொழுந்தன் நடுவில் புகுந்து இருவர் நாற்காலிக்கும் இடையே ஒரு மரத்தடுப்பு செய்து வைக்கட்டுமா என்று கேட்டான். ஆனால் இவள் பளபளப்பைக் கூட்டப் போகும்போது, "போதும் ஊசி, அங்க ஏற்கெனவே இருக்கு" என்று ஒரு குரல் வந்தது. அவர் பாடகரை ஓரம் தள்ளும்போது, "நடுவுக்கு வாங்க" என்று இவள் சொன்னாள். நிறுத்தி யோசிக்க ஒரு ஆள் பக்கத்தில் இருப்பது எப்பேர்ப்பட்ட சுகம் என்று ஐம்பத்து நாலு வயதில்தான் அவளுக்குத் தெரிந்தது. தனியாகவே கேட்டுக் கேட்டுக் காலம் போயிருந்தது. கணவருக்கும் பழையபடி திட்டு கிடைக்கத் தொடங்கியது, அவரும் நிம்மதியானார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பஸ் டிரைவர்கள் பதினாறு பேர் வந்தார்கள். டிப்போவில் ஷிப்ட் மாறும் நேரத்தில் சேர்ந்து பாடிப் பழகி, ஒன்பது பாட்டுப் பதிந்திருந்தார்கள். சுருதி இரண்டு இடத்தில் தடுமாறியது. உற்சாகம் ஓர் இடத்திலும் தடுமாறவில்லை. சீருடையோடு அடுப்பு அறையில் நெருக்கியடித்து நின்று கேட்டார்கள். எல்லாம் சரியாகிவிட்டது. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விடுவது என்பது மட்டும் பாக்கி.

"ஒட்டிப் போடுங்க. சூடு ஆறக் கூடாது" என்றார் இடி.

"மூச்சு விடவேண்டாமா? ஆறு செகண்ட்" என்றாள் ஊசிக்காது.

"ஆறா? அதுக்குள்ள ஜனங்க எழுந்து வீட்டுக்குப் போயிடுவாங்க."

"உங்களை மாதிரி ஓட்டினா வீட்டுக்குப் போற வழியிலயே விழுந்திடுவாங்க."

பதினாறு பேரும் டென்னிஸ் ஆட்டம் பார்ப்பதுபோல் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார்கள். கடைசியில் அவர்களில் மூத்த டிரைவர், மீசைக்காரர், தொண்டையைச் செருமினார்.

"ஸ்டாப்புல கடைசி ஆள் ஏறிக் கம்பியைப் பிடிக்கிற நேரம் விடுங்கம்மா. அதுக்கு மேல நின்னா பின்னாடி வர்றவன் ஹாரன் அடிப்பான். அதுக்குள்ள எடுத்தா உள்ள இருக்கிறவன் விழுவான்."

"அது எத்தனை செகண்டுங்க?"

மீசைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். வலது கால் மிதிப்பதுபோல் லேசாக அசைந்தது. "இப்ப" என்றார்.

இடிக்காரர் கையில் கடிகாரம் இருந்தது. "மூணரை" என்றார்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊசிக்காது மூணரை நொடி வைத்து, முதல் பாட்டின் கடைசி அடியிலிருந்து ஓடவிட்டாள். குரல்கள் அடங்கின. அறை அமைதியானது. டிரைவர்கள் எல்லாரும் தங்களை அறியாமல் நிமிர்ந்து நின்றார்கள். இரண்டாவது பாட்டு கிளம்பியது.

"ரைட்" என்றார் யாரோ பின்வரிசையிலிருந்து.